வேலண்டுக்கு மாறியாச்சு: சந்தோஷமும் ஒரு மனத்தாங்கலும்

லேப்டாப் திரையில இருந்து ஒரு விண்டோவை இழுத்து, பக்கத்துல இருக்கிற பழைய மானிட்டர்ல விட்டேன்.

எழுத்து அதே அளவு. மங்கல. ரெண்டு மடங்கா வீங்கல. படிக்க முடியாத அளவுக்குச் சுருங்கவும் இல்ல.

அவ்ளோதான் விஷயம். ஆனா ரொம்ப சந்தோஷமா இருக்கு, அதான் உக்காந்து எழுதுறேன்.

(விண்டோஸ், மேக் வெச்சிருக்கிறவங்க "இதுல என்ன இருக்கு?"ன்னு கேப்பீங்க. லினக்ஸ் டெஸ்க்டாப்ல இதுக்காகக் காத்திருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, சொல்வாங்க.)

என் லேப்டாப் திரையில பிக்சல் ரொம்ப நெருக்கம். 200 சதவீதம் வெச்சாத்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். மானிட்டர் பழசு, அதுக்கு 100 போதும். ரெண்டையும் ஒரே நேரத்துல ஒழுங்கா காட்டுன்னா, லினக்ஸ்ல விண்டோக்களைத் திரைக்குக் கொண்டு வர்ற பழைய அமைப்பான எக்ஸ்11க்கு அது முடியாது. எத்தனை திரை மாட்டினாலும் எல்லாத்தையும் சேர்த்து ஒரே பெரிய பரப்பாத்தான் அது பார்க்கும். இந்தப் பக்கம் ஒரு அளவு, அந்தப் பக்கம் வேற அளவுங்கிறது அதோட கணக்குலயே கிடையாது.

அதுக்கும் ஒரு வித்தை உண்டு. எல்லாத்தையும் மொதல்ல பெருசா வரையச் சொல்லிட்டு, ஒரு திரைக்கு மட்டும் சுருக்கி அனுப்பணும். பண்ணிப் பார்த்தேன். இங்கிலீஷ் சுமாரா வந்துச்சு. தமிழ்தான் கொழகொழன்னு ஆயிடுச்சு. சின்ன எழுத்துல ண எது, ன எதுன்னு சுழியை எண்ண வேண்டியிருந்துச்சு. ஒரு பக்கம் படிக்கிறதுக்குள்ள கண்ணு வலி.

எக்ஸுக்குப் பதிலா வந்த வேலண்ட்ல இப்ப ஒவ்வொரு திரைக்கும் அதோட அளவு. 125, 150 மாதிரி இடைப்பட்ட அளவுக்குன்னே 2022 கடைசில ஒரு தனி புரோட்டோகால் வந்துச்சு. அதைப் பேசத் தெரிஞ்ச ஆப்ல எழுத்து கத்தி மாதிரி கூர்மையா நிக்குது.

சரி, விஷயத்துக்கு வரேன். உபுண்டு 25.10ல லாகின் பண்ற இடத்துல இருந்த அந்த "எக்ஸ்ஆர்க்" வரி, அதாவது பழைய எக்ஸ்11 செஷன், போயிடுச்சு. 2025 அக்டோபர்ல வந்த வெளியீடு அது. அதுக்கு முன்னாடி வரைக்கும் ஏதாவது தகராறுன்னா அந்தப் பழைய செஷனுக்குப் போய் ஒதுங்கிக்கலாம். இப்ப அந்தத் திண்ணையை எடுத்துட்டாங்க. எக்ஸை விட்டுப் போறதுல எனக்கு வருத்தம் இல்ல. போற விதத்துல ஒரு மனத்தாங்கல் இருக்கு. ரெண்டையும் சொல்லிடறேன்.

மொதல்ல எக்ஸுக்கு ஒரு மரியாதை.

1984ல எம்.ஐ.டி.ல, அத்தீனா திட்டத்துல பொறந்தது. பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ரெண்டு பேர்தான் ஆரம்பம். அதுக்கு முன்னாடி ஸ்டான்ஃபோர்டுல டபிள்யூன்னு ஒரு அமைப்பு இருந்துச்சு. அதுல இருந்து கிளம்பினதால அடுத்த எழுத்து, எக்ஸ். 1987 செப்டம்பர்ல பதினோராவது பதிப்பு வந்துச்சு. அதான் எக்ஸ்11. அதுக்கப்புறம் பன்னெண்டுன்னு ஒண்ணு வரவே இல்ல. நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவா அதே பதினொண்ணு மேல ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டியிருக்காங்க. ஒரு மென்பொருள் இவ்ளோ காலம் உழைக்கிறது சின்ன விஷயமா?

அது யோசிக்கப்பட்ட காலம் வேற. பெரிய கணினி ஒரு இடத்துல இருக்கும், மேசையில வெறும் திரையும் கீபோர்டும். நடுவுல நெட்வொர்க். ஆப் அங்க ஓடும், படம் இங்க வரும். அதனால "இங்கிருந்து அங்க ஒரு கோடு போடு", "இந்த எழுத்துருல இந்த வார்த்தையை எழுது"ன்னு ஆப் கட்டளை அனுப்பும், எக்ஸ் சர்வர் வரையும். அந்தக் காலத்துக்கு அபாரமான யோசனை.

அப்புறம் ஒண்ணொண்ணா கைமாறிச்சு. ஜிடிகே, கியூட்டி மாதிரி டூல்கிட்டுகள் பட்டனையும் எழுத்தையும் தாங்களே வரைஞ்சு, முடிஞ்ச படத்தை மட்டும் சர்வர்கிட்ட கொடுக்க ஆரம்பிச்சுது. 2009 வாக்குல திரையோட ரெசல்யூஷன் வைக்கிற வேலை கெர்னலுக்குப் போச்சு. விண்டோக்களை அடுக்கி, நிழல் போட்டு, ஒரே படமாக்குற வேலையைக் கம்போசிட்டர் எடுத்துக்கிச்சு. (கம்பிஸ் ஞாபகம் இருக்கா? டெஸ்க்டாப்பைக் கனசதுரமாச் சுத்திக் காட்டி நண்பர்களை அசத்தின காலம்.)

கடைசில எக்ஸ் சர்வருக்கு என்ன மிச்சம்? ஆப்கிட்ட வாங்கிக் கம்போசிட்டர்கிட்ட கொடுக்கணும், கம்போசிட்டர்கிட்ட வாங்கித் திரைக்கு அனுப்பணும். ரெண்டு பேரும் நேரா பேசத் தயாரா நிக்கும்போது நடுவுல நிக்கிற தரகர் மாதிரி. அதுவும் விவரம் தெரியாத தரகர். கம்போசிட்டர் ஒரு விண்டோவைச் சுருக்கியோ சாய்ச்சோ காட்டினா எக்ஸுக்கு அது தெரியாது. நீங்க எங்க கிளிக் பண்ணீங்கன்னு முடிவு பண்றது மட்டும் எக்ஸ்தான்.

வேலண்ட் அந்த நடு ஆளை எடுத்துடுச்சு. கம்போசிட்டரே சர்வர். கெர்னல்ல இருந்து மவுஸ் அசைவு நேரா அதுகிட்ட வரும், அது ஆப்புக்குச் சொல்லும், ஆப் வரைஞ்சு கொடுக்கும், திரைக்குப் போகும்.

2008ல ஆரம்பிச்சவர் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க். எக்ஸ் உலகத்துலயே வேலை பார்த்துட்டு இருந்தவர். மாசசூசெட்ஸ்ல வேலண்டுங்கிற ஊர் வழியா கார்ல போகும்போது யோசனை வடிவத்துக்கு வந்ததால அந்தப் பேரு. மாதிரி கம்போசிட்டருக்கு வெஸ்டன்னு பேரு வெச்சாங்க, அதுவும் பக்கத்து ஊர்தான். (நம்ம பக்கம் ஒருத்தர் ஆரம்பிச்சிருந்தா விக்கிரவாண்டின்னு வந்திருக்குமேன்னு எனக்கு ஒரு ஆசை. கம்போசிட்டருக்கு திண்டிவனம்.)

இங்க ஒண்ணு அழுத்திச் சொல்லணும். "புதுசா வந்த பசங்க நல்லா ஓடிட்டு இருந்ததைக் கெடுத்துட்டாங்க"ன்னு ஒரு பேச்சு அடிக்கடி காதுல விழுது. அது அநியாயம். வேலண்டைக் கட்டினவங்கள்ல முக்கியமானவங்க வருஷக்கணக்கா எக்ஸைப் பராமரிச்சவங்க. டேனியல் ஸ்டோன் 2013ல ஆஸ்திரேலியா லினக்ஸ் மாநாட்டுல இதைப் பத்தியே ஒரு உரை நிகழ்த்தினார். அதைப் பார்த்தாப் போதும். உள்ள இருந்து ஒவ்வொரு ஓட்டையையும் அடைச்சவங்க, இதுக்கு மேல அடைக்க இடமில்லன்னு சொல்றாங்க. நான் அவங்களை நம்புறேன்.

நம்ப இன்னொரு காரணமும் இருக்கு. எக்ஸ் ஓடுற ஒரு கணினியில இதை நீங்களே செஞ்சு பாருங்க.

டெர்மினல்ல எக்ஸ்இன்புட்ங்கிற கருவியை, உங்க கீபோர்டோட எண்ணைக் கொடுத்து டெஸ்ட்னு ஓட விடுங்க. அட்மின் பாஸ்வேர்டு எதுவும் கேக்காது. இப்ப பிரவுசருக்குப் போய் ஏதாவது அடிங்க. டெர்மினலை எட்டிப் பாருங்க. "கீ பிரஸ் 38"ன்னு ஓடிட்டு இருக்கும். 38ங்கிறது இங்கிலீஷ் ஏ. தமிழ்99ல அ இருக்கிற அதே விசை. நீங்க பிரவுசர்ல அடிச்ச ஒவ்வொரு விசையும், பாஸ்வேர்டு உட்பட, சம்பந்தமே இல்லாத இன்னொரு விண்டோவுல வரிசையா நிக்கும்.

இது எக்ஸ்ல பிழை இல்ல. அமைப்பே அப்படி. ஒரே திரையில ஓடுற ஆப்புகள் எல்லாம் ஒண்ணையொண்ணு நம்பும்ங்கிற காலத்துல கட்டினது. எந்த ஆப்பும் எந்த ஆப்போட விசையையும் கேக்கலாம், எந்த விண்டோவையும் படம் எடுக்கலாம், இன்னொரு ஆப்புக்குப் பொய்யா ஒரு விசையை அனுப்பலாம்.

ஸ்கிரீன் லாக்கும் அதே கதைதான். எக்ஸ்ல பூட்டுத் திரைங்கிறது எல்லாத்துக்கும் மேல வந்து உக்காந்திருக்கிற இன்னொரு விண்டோ, அவ்ளோதான். அது செத்துப் போனா கீழ இருக்கிறது எல்லாம் திறந்து கிடக்கும். 2021 சனவரில லினக்ஸ் மின்ட்ல நடந்ததே இதான். பூட்டியிருந்த கணினியில ரெண்டு குழந்தைங்க, கீபோர்டுலயும் திரையில வர்ற கீபோர்டுலயும் கண்டபடி அடிச்சு, கிளிக் பண்ணி விளையாடியிருக்காங்க. பூட்டு கவிழ்ந்து டெஸ்க்டாப் திறந்துக்கிச்சு. பின்னாடி நின்னு பார்த்த அப்பா அதைப் பிழையா பதிவு பண்ணினார். மின்ட்காரங்களும் சீக்கிரமே சரி பண்ணிட்டாங்க. வேலண்ட்ல இதுக்குன்னே இருக்கிற புரோட்டோகால் வேற மாதிரி: பூட்டுற ஆப் செத்தாலும் திரை பூட்டியே இருக்கணும், திறக்கக் கூடாது.

எக்ஸ்ல இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா? ஏதாவது ஒரு மெனுவைத் திறந்து வெச்சுட்டு எழுந்து போனா, திரை தானா பூட்டாம நிக்கும். மெனு கீபோர்டைப் பிடிச்சு வெச்சிருக்கும், அது விடுற வரைக்கும் பூட்டுக்குக் கிடைக்காது. ஆபீஸ்ல டீ குடிக்கப் போன நேரம் பூரா என் திரை திறந்தே கிடந்துச்சு. வலது கிளிக் மெனு ஒண்ணுதான் காரணம்.

இவ்ளோ போதும். மாத்தினது சரி. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

இப்ப மனத்தாங்கல்.

எக்ஸ்ல யார் வேணா யாரை வேணா பார்க்கலாம்னு சொன்னேன் இல்ல? அந்தத் திறந்த கதவு வழியாத்தான் ஆயிரம் நல்ல விஷயங்களும் உள்ள வந்துச்சு. மீட்டிங்ல திரையைப் பகிர்றது, ஒரு விசையை அழுத்தினா எந்த ஆப்ல இருந்தாலும் வேலை செய்ற ஷார்ட்கட், வண்ணம் உறிஞ்சுற கருவி, சுருக்கெழுத்தை விரிச்சு எழுதுற ஆட்டோகீ, பார்வையில்லாதவங்களுக்குத் திரையை வாசிச்சுக் காட்டுற ஆர்கா. எல்லாமே அந்தக் கதவை நம்பி வாழ்ந்தது.

வேலண்ட் கதவைச் சாத்துச்சு. நியாயம். ஆனா சாத்தும்போது இவங்களுக்கெல்லாம் வேற வாசல் தயாரா இல்ல. வேலண்டோட மையப் புரோட்டோகால் ரொம்பச் சின்னது. மத்தது எல்லாமே தனித்தனியா பேசி முடிக்கணும். டெஸ்க்டாப் கட்டுறவங்கள்ல கினோம் ஒரு பக்கம் இழுக்கும், கேடிஈ ஒரு பக்கம், டபிள்யூஎல்ரூட்ஸ் நூலகத்தை வெச்சுக் கட்டுற கூட்டம் ஒரு பக்கம். விண்டோவுக்குத் தலைப்புப் பட்டையை யார் வரையறது, ஆப்பா கம்போசிட்டரான்னு இன்னைக்கு வரைக்கும் கினோமுக்கும் மத்தவங்களுக்கும் ஒத்துப் போகல. தன் விண்டோ திரையில எந்த இடத்துல இருக்குன்னு ஒரு சாதாரண ஆப்பால தெரிஞ்சுக்கவே முடியாது.

திரைப் பகிர்வையே எடுத்துக்கோங்க. 2020ல ஊரே வீட்டுல உக்காந்து மீட்டிங் பண்ணிட்டு இருந்த நேரம். நான் வேலண்ட்ல இருந்தேன். "திரை தெரியுதா?"ன்னு கேட்டா "கறுப்பாத்தான் இருக்கு"ன்னு பதில். லாக் அவுட், எக்ஸ்ல லாகின், மறுபடி மீட்டிங். எத்தனை பேருக்கு முன்னாடி! திரையைப் பகிர வேலண்டுக்கான வழியா டெஸ்க்டாப் போர்ட்டலும் பைப்வயரும் அதுக்கு முன்னாடியே பிறந்துடுச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா ஆப்புகள் அதைக் கத்துக்கிட்டு வந்து சேர நாளாச்சு.

இப்ப அதே விஷயம் எக்ஸை விட அழகா இருக்கு. பகிரணும்னா ஒரு பெட்டி வந்து "எதைக் காட்டட்டும்?"னு கேக்குது. ஒரே ஒரு விண்டோவைக் காட்டலாம். நடுவுல வீட்டுல இருந்து வந்த மெசேஜ் எல்லாருக்கும் தெரியுமோன்னு பயப்பட வேண்டியதில்ல. அனுமதி நான் கொடுத்தாத்தான். முடிவு அருமை, வந்து சேர்ந்த வரிசைதான் சரியில்ல.

என் மனத்தாங்கல் மொத்தமும் அதான். வரிசை.

"ஒவ்வொரு ஃபிரேமும் பிசிறில்லாம வரணும்"ங்கிறதுதான் வேலண்டோட ஆரம்ப கால முழக்கம். ஸ்க்ரோல் பண்ணும்போது படம் நடுவுல கிழியக் கூடாது. நல்ல ஆசை. ஆனா கிழிஞ்ச ஃபிரேமோட ஒருத்தர் வேலையை முடிச்சுடலாம். திரை வாசிப்பான் இல்லாம ஒரு பார்வையற்றவர் கணினியைத் திறக்கவே முடியாது. ஆர்காவுக்கு, நீங்க எந்த ஆப்ல இருந்தாலும் அதோட விசை காதுல விழணும். எக்ஸ்ல அது சாதாரணம். வேலண்ட்ல அதுக்குன்னு வழி கட்டணும். உதவித் தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து கினோம் அறக்கட்டளைக்கு ஜெர்மனியோட சாவரின் டெக் ஃபண்டு பத்து லட்சம் யூரோ கொடுத்தது 2023ல. வேலண்ட் ஆரம்பிச்சுப் பதினைஞ்சு வருஷம் கழிச்சு! ஃபெடோரா அதை இயல்பாக்கி ஏழு வருஷம் கழிச்சு! அந்தப் பணம் வந்ததுல ரொம்ப சந்தோஷம். அது மொதல் வருஷமே வந்திருக்கணும். இதுல நான் சமாதானம் ஆகவே மாட்டேன்.

நமக்கும் இதே வரிசையில ஒரு இடம் கிடைச்சுது. தமிழ்ல தட்டச்சு.

1999ல சென்னை மாநாட்டுக்கு அப்புறம் வந்த தமிழ்99 விசைப்பலகை, பழகினவங்களுக்குத் தெரியும், அது வெறும் விசைக்கு ஒரு எழுத்துன்னு இல்ல. க ரெண்டு தடவை அடிச்சா க்க. ந அடிச்சுட்டு த அடிச்சா ந்த. புள்ளி தானா விழும். கை ஓடுற வேகமே அதனாலதான். ஆனா இதைச் சாதாரண கீபோர்டு லேஅவுட்டால செய்ய முடியாது. அதுல ஒரு விசைக்கு ஒரு குறியீடு, முன்னாடி என்ன அடிச்சீங்கன்னு அதுக்குத் தெரியாது. (அதனாலதான் அமைப்புகள்ல "தமிழ்நெட்99"னு இருக்கிற லேஅவுட்டை எடுத்துட்டு "புள்ளி விழலையே"ன்னு பல பேர் குழம்புறாங்க. ஐபஸ்ங்கிற உள்ளீட்டு மென்பொருள்ல எம்17என் வழியா வர்ற தமிழ்99தான் நீங்க தேடுறது.) அதுக்கு உள்ளீட்டு முறைன்னு ஒரு நடு அடுக்கு வேணும். நீங்க அடிக்கிறதை வாங்கி, முன்னாடி இருக்கிற எழுத்தைப் பார்த்து, திருத்திக் கொடுக்கணும்.

அதாவது, ஒரு ஆப் இன்னொரு ஆப்போட விசையை வாங்கணும். வேலண்ட் தடுக்கிற அதே வேலை!

எக்ஸ்ல இது எப்படியோ நடந்துச்சு. ரெண்டு மூணு என்விரான்மென்ட் வேரியபிளை ஒரு ஃபைல்ல எழுதி வெச்சா முடிஞ்சுது. வேலண்ட்ல டெக்ஸ்ட் இன்புட்னு ஒரு புரோட்டோகால் வந்து, அதுவும் ஒண்ணாம் பதிப்பு, மூணாம் பதிப்புன்னு ஆச்சு. ஜிடிகேயும் கினோமும் மூணைப் பேசும். குரோமியம் ரொம்ப காலம் ஒண்ணை மட்டும் பேசிட்டு இருந்துச்சு. அதனால என்ன ஆச்சுன்னா, டெக்ஸ்ட் எடிட்டர்ல தமிழ் அடிக்குது, பிரவுசர் பெட்டியில வெறும் இங்கிலீஷ் எழுத்தா விழுது. அதே கீபோர்டு, அதே கை. பிரவுசர் சார்ந்த சாட் ஆப், குறிப்பு ஆப் எல்லாத்துக்கும் இதே வியாதி. வேலண்ட் ஐஎம்ஈயை, அதாவது உள்ளீட்டு முறையை, இயக்குன்னு ஒரு கொடியைச் சேர்த்து பிரவுசரைத் திறந்து பார்த்தேன், கேடிஈல வேலை செஞ்சுது, கினோம்ல இல்ல. மூணாம் பதிப்பைப் பயன்படுத்துன்னு இன்னொரு கொடியும் சேர்த்தப்பதான் கினோம்லயும் க்க விழுந்துச்சு.

அந்த ஒரு க்க வந்தப்ப இருந்த சந்தோஷம் இருக்கே!

கேடிஈ வெச்சிருக்கிறவங்களுக்கு: ஐபஸ் மாதிரியே இன்னொரு உள்ளீட்டு மென்பொருளான ஃபசிட்டிக்ஸ்5 போட்டுட்டு, சிஸ்டம் செட்டிங்ஸ்ல விர்ச்சுவல் கீபோர்டுங்கிற இடத்துல அதைத் தேர்ந்தெடுக்கணும். "நான் ஏன் விர்ச்சுவல் கீபோர்டு பக்கம் போகணும்?"னு தோணும். கம்போசிட்டர் பார்வையில உள்ளீட்டு முறையும் திரைக் கீபோர்டும் ஒரே வகை, அதனால அங்க வெச்சிருக்காங்க. அந்த வரியை எழுதினவர் உள்ள இருந்து யோசிச்சிருக்கார், அடிக்கிறவங்க எங்க தேடுவாங்கன்னு யோசிக்கல.

ஆனா ஒரு நன்றி சொல்லியே ஆகணும். இந்த வேலையில பெரும்பங்கு சீன, ஜப்பானிய, கொரிய மொழிக்காரங்க இழுத்துட்டு வந்தது. அவங்களுக்கு உள்ளீட்டு முறை இல்லன்னா ஒரு வார்த்தை கூட எழுத முடியாது, அதனால விடாம பிழை பதிவு பண்ணி, விடாம ஒட்டுப் போட்டாங்க. அவங்க போட்ட பாதையில நம்ம க்க நடந்து வருது.

என்விடியா கிராபிக்ஸ் கார்டு கதையைச் சுருக்கமா முடிச்சுடறேன். படத்தோட நினைவகத்தைக் கைமாத்துறதுக்கு மத்தவங்க ஜிபிஎம்னு ஒரு வழி வெச்சிருந்தாங்க, என்விடியா ஈஜிஎல்ஸ்ட்ரீம்ஸ்னு தனி வழி போச்சு. 2021ல 495ஆம் டிரைவர்லதான் ஜிபிஎம் வந்துச்சு. விண்டோ மினுக்மினுக்குன்னு பழைய ஃபிரேமைக் காட்டுற தொல்லை 2024ல, 555ஆம் டிரைவர்ல எக்ஸ்ப்ளிசிட் சிங்க் வந்த அப்புறம் பெருமளவு அடங்கிச்சு. உங்ககிட்ட அந்த கார்டு இருந்தா டிரைவர் எண்ணை மொதல்ல பாருங்க.

உபுண்டுவும் ஒரு சுத்து சுத்திச்சு. வேலண்டுக்குப் போறோம்னு 2010ல சொல்லி, 2013ல மிர்னு சொந்தமா ஒண்ணு ஆரம்பிச்சு, 2017ல அந்தத் திட்டத்தை டெஸ்க்டாப்ல கைவிட்டு, 17.10ல வேலண்ட், 18.04ல திரும்ப எக்ஸ், 21.04ல மறுபடி வேலண்ட். ஒரே கூட்டமா போயிருந்தா நம்ம தமிழ்த் தட்டச்சு விஷயமும் ஆர்கா விஷயமும் சில வருஷம் முன்னாடியே சரியாகியிருக்கும்ங்கிறது என் கருத்து. மிர் இன்னும் உயிரோட இருக்கு, வேலண்ட் கம்போசிட்டர் கட்டுற நூலகமா.

இப்ப நிலவரம் வேகமா நகருது. கேடிஈ பிளாஸ்மா 6, 2024 பிப்ரவரில வேலண்டை இயல்பாக்கிச்சு. 2025ல வந்த ரெட் ஹேட் 10ல எக்ஸ்ஆர்க் சர்வரே கிடையாது. கினோம் 49ல எக்ஸ் செஷன் இயல்பா அணைஞ்சு வருது. பிளாஸ்மா 6.8ல இருந்து எக்ஸ் செஷன் இருக்காதுன்னு கேடிஈயும் சொல்லிட்டாங்க. இன்னொரு பக்கம் எக்ஸை விடமாட்டோம்னு எக்ஸ்லீப்ரேன்னு ஒரு கிளை 2025ல பிரிஞ்சிருக்கு. மின்ட்டோட சின்னமன், எக்ஸ்எஃப்சிஈ ரெண்டும் இன்னும் எக்ஸைத்தான் நம்பி இருக்கு, வேலண்ட் அங்க சோதனை நிலையில. ஆர்கா பயன்படுத்துறவங்க, ஆட்டோகீ இல்லாம வேலை ஓடாதுங்கிறவங்க, தாராளமா அங்க இருங்க. யாராவது "எக்ஸ் செத்துடுச்சு, மாறு மாறு"ன்னு விரட்டினா காதுல போட்டுக்காதீங்க. உங்க வேலை நடக்கிறதுதான் முக்கியம்.

பழைய ஆப்புகளுக்காக எக்ஸ்வேலண்டுன்னு ஒரு குட்டி எக்ஸ் சர்வர் உள்ளயே ஓடுது. எந்த ஆப் புதுசு, எந்த ஆப் அந்தக் குட்டியில ஓடுதுன்னு கண்டுபிடிக்க எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி எக்ஸ்ஐஸ். ரெண்டு கண்ணு, மவுஸ் போற பக்கமெல்லாம் பார்க்கும். எக்ஸ் காலத்து விளையாட்டு. அதை வேலண்ட்ல ஓட விட்டு மவுஸை நகர்த்துங்க. பழைய ஆப் மேல போகும்போது கண்ணு துரத்தும். வேலண்ட் ஆப் மேல போனதும் அப்படியே நின்னுடும், ஏன்னா மவுஸ் எங்க இருக்குன்னு அதுக்கு இனிமே யாரும் சொல்றதில்ல. கிம்ப் 2.10 மேல போனா கண்ணு ஓடுச்சு. 3.0 போட்டதும் நின்னுடுச்சு. அதைப் பார்க்கவே திரும்பத் திரும்ப மவுஸை ஆட்டிட்டு இருந்தேன்.

இந்தச் சோதனை தமிழுக்கும் உதவும். ஒரு ஆப்ல தமிழ்99 புள்ளி விழலன்னா, மொதல்ல கண்ணு அது மேல ஓடுதா நிக்குதான்னு பாருங்க. ஓடினா அது எக்ஸ்வேலண்ட், பழைய என்விரான்மென்ட் வேரியபிளைச் சரிபார்க்கணும். நின்னா அது வேலண்ட், டெக்ஸ்ட் இன்புட் பதிப்பு தகராறு. பிழை பதிவு பண்ணும்போது இது எந்தப் பக்கம்ங்கிறதையும், ஆப் ஜிடிகேயா கியூட்டியா எலக்ட்ரானாங்கிறதையும், ஐபஸா ஃபசிட்டிக்ஸாங்கிறதையும் சேர்த்து எழுதுங்க. கூடவே "க விசையை ரெண்டு தடவை அடிச்சா க்க வரணும், கக வருது"ன்னு தமிழ் எழுத்தோடவே போடுங்க. பிழையைத் திருத்தப் போறவருக்குத் தமிழ் தெரியாம இருக்கலாம். ஆனா ரெண்டுக்கும் நடுவுல ஒரு புள்ளி குறையுதுன்னு அவர் கண்ணுக்கே தெரியும்.